அவரிடமே போய்ப் பேசினால் என்ன?

நம் சபைகளில் ஒருவருக்கு இன்னொருவர் மேல் மனவருத்தம் வந்தால் அது யாருக்கெல்லாம் தெரியவரும் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வீட்டில் தெரியும். க்வயரில் தெரியும். ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்குத் தெரியும், ஐயரம்மாவுக்கு அதற்கு முன்பே தெரியும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அது ஜெபக்குறிப்பாகவே வந்துவிடும், பேர் சொல்லாமல், ஆனால் யார் என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி. நாசரேத்தில் இருக்கிற சித்திக்குக்கூட அன்று ராத்திரி போனில் போய்ச் சேர்ந்துவிடும். யார் மேல் வருத்தமோ அந்த ஆளுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது. அவர் பாட்டுக்கு அடுத்த ஞாயிறு வந்து "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கையை நீட்டுவார், இவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார்.

நான் இருப்பது கிழக்குப் பெங்களூரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தமிழ்ச் சபையில். திருவிருந்து ஆராதனையில் காணிக்கைக்கு முன்னால் சமாதானம் கொடுக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. 1950-இல் வந்த ஆராதனை முறையிலிருந்தே இருக்கிறது. ஐயர் முன்வரிசைக்குக் கொடுப்பார், கைக்குள் கை வைத்து அது பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போகும். ரொம்ப அழகான பழக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் சில பேர் திருவிருந்து ஞாயிறுகளில் மட்டும் வழக்கமான இடத்தில் உட்கார மாட்டார்கள். யார் பக்கத்தில் யார் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தூண் ஓரமாகப் போய்விடுவார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை நினைவில் வைத்துத்தான் அதைக் காணிக்கைக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். நாம் அதற்கும் தூணைக் கண்டுபிடித்துவிட்டோம்.

மத்தேயு பதினெட்டு எல்லோருக்கும் மனப்பாடம். "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." கேட்கவில்லையென்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்கவில்லையென்றால்தான் சபைக்குச் சொல். மூன்று படி. நாம் நேராக மூன்றாவது படியில் ஏறி நிற்கிறோம், அதுவும் சபைக்குக்கூட இல்லை, சபை வாட்ஸ்அப் குரூப்புக்கு. அங்கே ஒருவர் இரவு பதினொரு மணிக்கு நீளமாக ஒன்று எழுதுவார், பெயர் சொல்லாமல், கடைசியில் ஒரு வசனம் போட்டு. அதற்குக் கீழே நான்கு பேர் கைகூப்புகிற படம் போடுவார்கள். அந்த நான்கு பேரும் தன் கட்சி என்று எழுதியவர் நினைத்துக்கொள்வார், எதிர்த்தரப்பும் அப்படியே நினைத்துக்கொள்ளும், விடிவதற்குள் இரண்டு கட்சி தயார்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் சபையில் போன வருடம் நடந்த ஒரு சண்டை. சண்டையின் பொருள் என்னவென்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பாட்டு வரிகளை ஸ்கிரீனில் ஆங்கில எழுத்தில் போடலாமா கூடாதா. அவ்வளவுதான்.

பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு இது சிரிப்பில்லை என்று தெரியும். இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகள் பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், ஹிந்தி படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், நன்றாகவே பேசுவார்கள், ஆனால் 'அ' எழுதச் சொன்னால் முழிப்பார்கள். கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்காத குறை. அதனால் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பாட்டு ஸ்லைடில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தில் வரிகளைப் போட ஆரம்பித்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு வந்து பார்த்தால் ஸ்கிரீன் முழுக்க ஆங்கில எழுத்து, பாடுவது தமிழ். பெரியவர்கள் பக்கம் ஒரு முறுமுறுப்பு கிளம்பியது பாருங்கள், பிரசங்கம் முடிகிறவரைக்கும் அடங்கவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் நீங்களே ஊகிக்கலாம். பெரியவர்களில் ஒருவர், எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், குரூப்பில் "தமிழ் வேண்டாதவர்களுக்கு இங்கிலீஷ் ஆராதனை பக்கத்துச் சபையிலேயே இருக்கிறது" என்று போட்டார். ஒரு பையன் அதற்கு ஒரு சிரிப்புப் படம் போட்டான். ஐந்தாறு பேர் குரூப்பை விட்டு வெளியேறினார்கள், அதில் இரண்டு பேர் எந்தக் கட்சியும் இல்லை, சத்தம் தாங்காமல் போனவர்கள். இங்கிலீஷ் ஆராதனைக்கு நேரம் பிடுங்கத்தான் இந்த வேலை நடக்கிறது என்று ஒரு புரளி. பழைய ஆட்கள் ப்ரொஜெக்டரையே கழற்றிவிடப் போகிறார்கள் என்று இன்னொரு புரளி. அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதே ஒரு மாதிரி கனமாக இருந்தது.

எங்கள் ஐயர் ஒரு நல்ல காரியம் செய்தார். இதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. பிரசங்க பீடத்திலிருந்து பேசினால் யாரும் திருப்பிப் பேச முடியாது, அதனால் அங்கேயிருந்து சண்டையைத் தீர்க்கப் பார்ப்பது ஒருதலைப்பட்சம்தான் என்பது என் அபிப்பிராயம். எத்தனையோ சபைகளில் இந்த ஒன்றினாலேயே புண் பெரிதாகியிருக்கிறது. இவர் முதலில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார், பிறகு அந்தப் பிள்ளைகளோடு தனியாக டீ குடித்தார், அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரு தரப்பிலும் சில பேரை மட்டும் ஞாயிறு பள்ளி நடக்கிற அறைக்கு வரச் சொன்னார். நடத்துகிற பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் எங்கள் சபையின் ரிடையர்டு டீச்சரம்மா ஒருவரிடம் கொடுத்துவிட்டார். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர், தங்கச் சுரங்கம் 2001-இல் மூடின பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தவர். அந்த அறையில் இருந்த பாதிப் பேரின் பிள்ளைகள் அவரிடம் ஞாயிறு பள்ளியில் அடி வாங்கியவர்கள், அதனால் அவர் முன்னால் யாரும் குரலை உயர்த்த முடியாது.

டீச்சரம்மா ஒரே ஒரு விதி வைத்தார். எனக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்று நான் முதலில் சொல்ல வேண்டும், அவர் "ஆமா, அதுதான்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் என் கருத்தைச் சொல்லலாம். கேட்க என்னவோ சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரித்தான் இருந்தது.

முதலில் வாலிபர் சங்கத்துப் பெண் ஒருத்தி பேசினாள். அவளுக்குப் பதில் சொல்ல அண்ணாச்சி எழுந்தார்.

"இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டாம்ங்காங்க."

"இல்ல அங்கிள், நான் அப்படிச் சொல்லல."

"தமிழ் படிக்கக் கஷ்டமா இருக்கு, அதனால வேண்டாம்ங்கா."

"வேண்டாம்னே சொல்லல அங்கிள்."

அண்ணாச்சி டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா ஒன்றும் சொல்லவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி, நீயே இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார் அண்ணாச்சி. அவள் சொன்னாள்: "எனக்குப் பாட்டெல்லாம் தெரியும் அங்கிள், ஆச்சி சொல்லிக் கொடுத்தது. பல்லவி தெரியும், முதல் சரணம் தெரியும். இரண்டாவது சரணத்துல இருந்து சும்மா வாயசைப்பேன். எங்க செட்ல எல்லாருமே அப்படித்தான். கடைசி சரணம் வரைக்கும் பாடணும்னுதான் போட்டோம்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் சொன்னது அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னது. அவள் "ஆமா அங்கிள், அதுதான்" என்றாள். எங்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் விஷயமே புரிந்தது. நாங்கள் மாதக்கணக்காகத் தமிழா இங்கிலீஷா என்று அடித்துக்கொண்டிருந்தோம், அந்தப் பிள்ளைகளின் பிரச்சினை இரண்டாவது சரணம்.

அடுத்து அவள் அண்ணாச்சி பக்கத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் லேசில் வரவில்லை. "அங்கிளுக்கு இங்கிலீஷ் பிடிக்காது" என்று ஆரம்பித்தாள். இல்லை, முப்பது வருடம் ஐ.டி.ஐ. ஃபேக்டரியில் வேலை பார்த்தவருக்கு இங்கிலீஷ் என்ன புதுசா. அண்ணாச்சி சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, ஆங்கில எழுத்தில் போட்டால் லகர ளகர ழகரம் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது, பலி எது பழி எது என்று தெரியாமல் பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி பாடுகிறார்கள். இதைச் சொல்லும்போது அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். இரண்டாவதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. ஊரில் நிலமும் இல்லை வீடும் இல்லை, பேரனுக்குக் கொடுக்கத் தன்னிடம் இந்தத் தமிழும் இந்தக் கோயிலும்தான் இருக்கிறது, ஸ்கிரீனில் அது மறைந்ததைப் பார்த்ததும் தன்னையே அழித்துவிட்ட மாதிரி இருந்தது என்றார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்றார். "கேக்காமப் போட்டது தப்புதான் அங்கிள்" என்றான் சிரிப்புப் படம் போட்ட பையன். அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

முடிவு அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. மேல் வரியில் தமிழ், கீழ் வரியில் ஆங்கில எழுத்து. அப்படிப் போட்டால் எழுத்து சின்னதாகிப் பெரியவர்களுக்குத் தெரியாது என்பதால் ஒரு சரணத்தை இரண்டு ஸ்லைடாக உடைப்பது. கீழ் வரியைச் சனிக்கிழமையே அண்ணாச்சி ஒரு தடவை பார்த்துக்கொடுப்பது. ஞாயிறு பள்ளிக்குப் பிறகு அரைமணி நேரம் தமிழ் எழுத்து வகுப்பு என்றும் பேசினோம், அது நன்றாக ஆரம்பித்துப் பரீட்சைக் காலம் வந்ததும் ஆள் குறைந்து இப்போது நாலைந்து பேரோடு ஓடுகிறது. ஒரு குடும்பம் இந்த ஏற்பாடு பிடிக்காமல் வேறு சபைக்குப் போய்விட்டது. ஐயர் போய்ப் பார்த்தார், வரவில்லை. எல்லாச் சண்டையும் பேசினால் தீரும் என்று நான் சொல்ல வரவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஆறாம் அதிகாரத்தை இந்தச் சண்டைக்குப் பிறகு வேறு மாதிரி வாசிக்கிறேன். அங்கேயும் பாஷைப் பிரச்சினைதான். கிரேக்க பாஷைக்காரர்களின் விதவைகளை அன்றாட விசாரணையில், அதாவது தினசரி சாப்பாடு பங்கிடுவதில், சரியாகக் கவனிக்கவில்லை என்று எபிரெயர்கள் மேல் முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் "முறுமுறுக்காதீர்கள், சமாதானமாயிருங்கள்" என்று ஒரு ஜெபம் பண்ணி முடித்திருக்கலாம், நம் கமிட்டிகள் அப்படித்தான் செய்யும். அவர்கள் எல்லோரையும் கூட்டினார்கள், நீங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். தெரிந்துகொண்ட ஏழு பேரின் பெயரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்திடமே பந்தி விசாரிப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அண்ணாச்சியிடம் ஸ்லைடைக் கொடுத்தது அந்த ரகம்.

அதே புத்தகத்தில் பதினைந்தாம் அதிகாரமும் எனக்குப் பிடிக்கும், அது நேர்மையாக இருப்பதால். புறஜாதியார் விருத்தசேதனம் பண்ண வேண்டுமா என்ற பெரிய தகராறு எருசலேமில் பேசித் தீர்கிறது, பேதுரு பேசுகிறார், பவுலும் பர்னபாவும் பேசுகிறார்கள், கூட்டம் அமைதியாகக் கேட்கிறது, கடைசியில் யாக்கோபு முடிவு சொல்கிறார், கடிதம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தோடு அந்தியோகியாவுக்குப் போன அதே பவுலும் பர்னபாவும் அதே அதிகாரம் முடிவதற்குள் மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் கடுங்கோபம் மூண்டு பிரிந்து போகிறார்கள். எழுதியவர் அதை மறைக்கவில்லை. பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்துக்கு அவன் எனக்கு உபயோகமானவன் என்கிறார் பவுல். நடுவில் எத்தனை வருடம் போயிற்றோ.

நம் சொந்தக் கதையும் இப்படித்தான். திருநெல்வேலிக்காரர்கள் வீட்டில் இரேனியுஸ் ஐயர் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர், அந்தப் பக்கத்துச் சபைகளில் பல அவர் காலத்தில் உண்டானவை. அவர் லுத்தரன், அவரை அனுப்பியது ஆங்கிலிக்கன் மிஷன். உபதேசியார்களுக்கு யார் குருப்பட்டம் கொடுக்கலாம், பேராயர் (பிஷப்) கையால்தான் ஆக வேண்டுமா என்பதில் வந்த கருத்து வேற்றுமை முற்றி 1835-இல் மிஷன் அவரை விலக்கியது. ஊரை விட்டுப் போனவரை ஜனங்கள் திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தார், சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838-இல் அவர் இறந்த பிறகுதான் பிளவு மெல்ல ஆறியது. பாளையங்கோட்டையில் அவர் கல்லறை இருக்கிறது.

கிட்டத்தட்ட அதே கேள்விதான், பேராயர் கை வைத்த பட்டம் மட்டும்தான் பட்டமா என்பதுதான், 1919-இல் தரங்கம்பாடியில் மறுபடி மேசைக்கு வந்தது. தென்னிந்தியத் திருச்சபைகள் ஒன்றாகலாமா என்று பேச உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். பேச ஆரம்பித்தது 1919, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தது 1947 செப்டம்பர் 27. இருபத்தெட்டு வருடம்! அசரியா 1945 ஜனவரி 1 அன்றே போய்விட்டார், பார்க்கவில்லை. பட்டத்துப் பிரச்சினையை அவர்கள் தீர்த்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இனிமேல் கொடுக்கிற பட்டம் எல்லாம் பேராயர் கையால், ஏற்கெனவே வேறு முறையில் பட்டம் பெற்றவர்களை அப்படியே ஏற்றுக்கொள்வது, மீதியை முப்பது வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கூடவே ஒரு வாக்குறுதி: எந்தச் சபை மேலும் அதற்குப் பழக்கமில்லாத, அல்லது அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியத்தையோ திணிப்பதில்லை. அன்றைக்கே எல்லாவற்றிலும் ஒரே முடிவு வேண்டும் என்று பிடித்திருந்தால் 1947-லும் ஒன்றும் நடந்திருக்காது. இப்படிப் பிறந்த சபையில் இருந்துகொண்டு நாம் டிரம்ஸ் பேடுக்கும் ஸ்லைடுக்கும் ஒரே கமிட்டியில் ஓட்டுப் போட்டு ஜெயிக்கப் பார்க்கிறோம்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பேச்சைத் தவறாக உபயோகிக்கிறவர்கள் நிறைய. காணிக்கைப் பணத்தில் கை வைத்தவரோடு உரையாடலுக்கு இடமில்லை, அங்கே தேவை ஆடிட். பிள்ளைகளிடமோ பெண்களிடமோ ஒருவன் தவறாக நடந்தான் என்றால் மத்தேயு பதினெட்டைக் காட்டி "முதலில் தனியாகப் போய்ப் பேசு" என்று பாதிக்கப்பட்டவரை அனுப்புவது அக்கிரமம், அது போலீஸுக்குப் போக வேண்டிய விஷயம், பிள்ளைகள் விஷயத்தில் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். விசுவாசிகள் வழக்குக்குப் போகக் கூடாது என்று கொரிந்தியரை எடுத்து வீசுகிறவர்களில் பலர் பேராய ஆட்சிமன்றத் தேர்தல் என்றால் மட்டும் ஹைகோர்ட் வரைக்கும் போக யோசிப்பதில்லை. நான் இங்கே சொல்வதெல்லாம் இரண்டு பக்கமும் நல்ல எண்ணம் இருந்தும் முட்டிக்கொள்கிற காரியங்களைப் பற்றித்தான், சபைச் சண்டைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

இன்னொன்று, "ஜெபிப்போம் தம்பி." யாராவது ஒரு சிக்கலைச் சொல்ல வாயைத் திறந்தால் பெரியவர்கள் இதைச் சொல்லி மூடிவிடுவார்கள். ஜெபிக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? டீச்சரம்மாவும் ஜெபித்துத்தான் கூட்டத்தை ஆரம்பித்தார், சுருக்கமாக, யாருக்கும் மறைமுகமாகக் குத்து வைக்காமல். கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் பேசுகிற சாக்கில் எதிரில் இருப்பவருக்கு அறிவுரை சொல்கிற ஜெபத்தைவிட அவர் கண்ணைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவது மரியாதை. யாக்கோபு சொல்கிற வரிசையும் அதுதானே, கேட்கிறதற்குத் தீவிரம், பேசுகிறதற்குப் பொறுமை, கோபிக்கிறதற்குத் தாமதம்.

இப்போது அடுத்த விவகாரம் கிளம்பிவிட்டது. சபையில் ஒரு குடும்பத்தில் மருமகள் கன்னடக்காரப் பெண், மாதம் ஒரு தடவை ஒரு வேதபாடத்தைக் கன்னடத்திலும் வாசிக்கலாமா என்று அந்த வீட்டிலிருந்து கமிட்டிக்குக் கடிதம் வந்திருக்கிறது. நேற்று ராத்திரி அண்ணாச்சி போன் பண்ணினார். "தம்பி, கேள்விப்பட்டீங்களா? தமிழ்ச் சபையில கன்னடமாம்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினார். அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அது வேறு கதை. "அண்ணாச்சி, இதையெல்லாம் என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், அந்தப் பொண்ணுகிட்டயே ஒரு தடவ பேசிப் பாருங்களேன்" என்று அவள் நம்பரை அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்திருக்கிறது. கூப்பிட்டாரா என்று தெரியவில்லை, நானும் போய்க் கேட்கப் போவதில்லை.